ஸ்டார் ஓட்டல்களில் பிரபலங்கள் பெயரில் 'ஆஃப்டர்நூன் டீ' போடுகிறார்களே, அது என்ன?

சாயங்காலம் நாலு மணி வாக்கில் தேநீரோடு சாப்பிடும் சிற்றுண்டிதான். மூன்றடுக்குத் தட்டில் விரல் நீள சாண்ட்விச், ஸ்கோன் (பன் மாதிரியான சின்ன பேக்கரிப் பண்டம்), குட்டிக் கேக்குகள். 1840களில் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, இரவுச் சாப்பாடு தாமதமானதால் பசி தாங்காமல் தொடங்கியது என்பார்கள். சேலத்தில் தள்ளுவண்டியைச் சுற்றி நின்று, பீட்ரூட், கேரட் துருவல் வைத்த தட்டுவடை செட்டைச் சட்னி வழிய வாயில் போடுகிறோமே, அதே நாலு மணிப் பசிதான் (ருசியில் என் ஓட்டு செட்டுக்கே).

அந்த நேரத்தில் ஓட்டலில் மேசைகள் காலியாகக் கிடக்கும். அதை நிரப்பத்தான் நடிகர், டிசைனர் பெயரைச் சேர்த்து, கேக்கின் நிறம், வடிவத்தை அவர் பாணியில் செய்கிறார்கள். ஜவுளிக்கடைத் திறப்புக்கு நடிகை வருவது மாதிரி. ஆனால் இங்கே பெரும்பாலும் பெயர்தான் வரும், ஆள் வரமாட்டார்.

அப்புறம், இதையே 'ஹை டீ' என்பது தவறு. அது இங்கிலாந்துத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து வயிறாரச் சாப்பிட்ட மாலைச் சாப்பாடு.