செக்‌ஷன் நம்பரை ஒப்பிக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மேலூரில் வக்கீல் குமாஸ்தா. கேஸ் கட்டு தூக்கி, வாய்தா தேதி குறித்து, வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டியே காலம் ஓடிவிட்டது. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது இங்கிலீஷ் மீடியம். வக்கீலாக வேண்டும், அதுவும் கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும் என்கிறாள். எனக்கும் அதே ஆசைதான். மதுரை லா காலேஜில் யார் வேண்டுமானாலும் சேர்ந்துவிடலாம், அதில் என்ன இருக்கிறது?

தினமும் ராத்திரி அவளைச் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கச் சொல்கிறேன். இந்திய தண்டனைச் சட்டத்தில் முக்கியமானதெல்லாம் தலைகீழாகச் சொல்வாள். பழைய புத்தகக் கடையில் ஒரு கிளாட் கைடு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வக்கீல் ஐயாவின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எல்சாட் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார், அது எங்களுக்குப் பிடிபடவில்லை. மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தேன். ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். வீட்டில் இருக்கும் நகையை வைத்தால் கட்டிவிடலாம். இங்கிலீஷை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இங்கிலீஷ் பேப்பரைக் கையில் எடுத்தால் பத்து வரி தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறாள். என்ன செய்யலாம்? பெயர் போட வேண்டாம்.

மேலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நகையை வைக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

அடுத்து, ஒப்பிக்கிற வேலையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. கொலைக்கு 302 போய் 103 வந்திருக்கிறது. ஊரெல்லாம் வசவாகப் புழங்கும் 420 இப்போது 318-க்குள் இருக்கிறது. பழைய சம்பவத்துக்குப் பழைய நம்பர், புது சம்பவத்துக்குப் புது நம்பர் என்று உங்கள் கோர்ட்டில் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். சரி, புது நம்பரையே ஒப்பிக்கட்டும் என்று நினைத்தீர்களானால், அதற்கும் கிளாட்டில் ஒரு மார்க்கூட விழாது.

ஒரு காலத்தில் விழுந்தது. 2019 வரை கிளாட்டில் 200 கேள்விகள். ஒற்றை வரியில் கேட்பார்கள், தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் நகரலாம். 2020-ல் தேர்வையே மாற்றிவிட்டார்கள். முதலில் 150 கேள்விகளாக இருந்து, 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து 120 ஆகியிருக்கிறது. நேரம் இரண்டு மணி. தப்பான விடை ஒன்றுக்குக் கால் மார்க் பிடித்துக்கொள்வார்கள். எல்லாக் கேள்வியும் ஏதாவது ஒரு பத்தியை ஒட்டித்தான் வரும். ஒரு பத்தி 450 சொல் வரை நீளும், அதன் கீழே நாலைந்து கேள்விகள் இருக்கும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், லீகல் ரீசனிங், லாஜிக், கொஞ்சம் கணக்கு. எல்லாப் பத்தியையும் கூட்டினால் பத்தாயிரம் சொல்லுக்குப் பக்கம் வரும். அவ்வளவையும் படித்து, விடையும் குறித்து, இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். நீங்கள் வாங்கிய கைடைப் பிரித்துப் பாருங்கள். மாதிரித் தாளில் 200 கேள்வி இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடலாம்.

லீகல் ரீசனிங் என்ற பெயரைப் பார்த்துத்தான் எல்லோரும் சட்டப் புத்தகத்தைத் தேடி ஓடுகிறார்கள். அதில் சட்டத்தை அவர்களே பத்தியில் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததை ஒரு சம்பவத்தின் மேல் வைத்துப் பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாட்டுக்குப் படிக்கும் சில பிள்ளைகளோடு உட்காருவேன். அவர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் கேள்வியை உங்கள் மகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

பத்தி சொல்லும் விதி இது: கடையில் விலை எழுதி வைப்பதால் மட்டும் கடைக்காரர் விற்க ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்க வருகிறவர் “கொடுங்கள்” என்று கேட்பதுதான் முன்மொழிவு. அதைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம். இனி சம்பவம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடைப் பலகையில் மல்லிகை கிலோ 600 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. ஓர் அம்மா வந்து இரண்டு கிலோ கேட்டு, 1200 ரூபாயை எடுத்து நீட்டுகிறார். கடைக்காரர் பணத்தைத் தொடவில்லை. “கல்யாண ஆர்டர் இருக்கும்மா, சில்லறைக்குத் தர முடியாது” என்கிறார். ஒப்பந்தம் ஏற்பட்டதா?

பாதிப் பேர் கொதித்துப்போவார்கள். போர்டு போட்டுவிட்டு இல்லை என்றால் என்ன அர்த்தம், ஏமாற்றுத்தானே என்பார்கள். அந்த அம்மாவுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் கொடுத்த விதிப்படி ஒப்பந்தம் இல்லை. அவர் கேட்டார், இவர் ஏற்கவில்லை, முடிந்தது. அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவேன். கடைக்காரர் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டார், பூவை எடை போடுகிறார். அப்போது ஒரு போன் வருகிறது, ரேட் 900-க்கு ஏறிவிட்டதாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பூவை எடுத்துக்கொள்கிறார். இப்போது? ஏற்றுக்கொண்டாகிவிட்டது, ஒப்பந்தம் உண்டு. கடை, பூ, ஆட்கள் எல்லாம் அதேதான், ஒரு செயல் மட்டும் மாறியிருக்கிறது. அந்த ஒன்றைக் கண்ணில் பிடிக்கிற பழக்கம்தான் கிளாட்டுக்குத் தேவை.

உங்கள் மகள் எங்கே சறுக்குவாள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. நாலு விடைகளில் ஒன்று, “நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடைக்காரர் இழப்பீடு தர வேண்டும்” என்று நிற்கும். பத்தியில் நுகர்வோர் சட்டம் பற்றி ஒரு வார்த்தைகூட இருந்திருக்காது. விவரம் தெரியாத பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் கன்ஸ்யூமர் கோர்ட் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை அதில்தான் டிக் அடிக்கும். நீங்கள் தினமும் ஒப்பிக்க வைப்பது அவளை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. தெரிந்ததை வெளியே வைத்துவிட்டு வரப் பழகுவது, தெரியாததைக் கற்பதைவிடக் கஷ்டம்.

எல்சாட் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அது அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான தேர்வு. அதில் லாஜிக் கேம்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும், யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவார் என்கிற மாதிரியான புதிர்கள். 2024 ஆகஸ்டிலிருந்து அவர்களே அதை எடுத்துவிட்டார்கள், நீங்களும் விட்டுவிடுங்கள். லாஜிக்கல் ரீசனிங் பகுதி மட்டும் அருமையானது. பஸ் ஸ்டாண்டில் கேமரா வைத்த பிறகு பிக்பாக்கெட் புகார் குறைந்தது, ஆகவே கேமராதான் காரணம் என்று ஒருவர் வாதாடுகிறார் என்று வையுங்கள். இந்த வாதத்தை எது பலவீனப்படுத்தும் என்று கேட்பார்கள். அதே மாதத்தில் அங்கே போலீஸ் அவுட்போஸ்ட் திறந்தார்கள் என்பது விடையாக இருக்கும். குறுக்கு விசாரணையைப் பக்கத்தில் நின்று பார்த்த உங்களுக்கு இது உடனே பிடித்துவிடும். இதில் நீங்களே அவளோடு உட்காரலாம்.

இங்கிலீஷுக்கு வருவோம். தூக்கம் வருவதற்குக் காரணம் இங்கிலீஷ் மட்டுமல்ல. எடுத்த எடுப்பில் தலையங்கத்தைக் கொடுத்திருப்பீர்கள், வட்டி விகிதமும் வெளியுறவுக் கொள்கையும் எந்த மொழியில் இருந்தாலும் பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தூக்கம்தான் வரும். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள். ஜல்லிக்கட்டு இருக்கிறதே. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017-ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அலங்காநல்லூர் வாடிவாசலைப் பற்றி உங்கள் ஊரில் யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மூன்று கட்டத்தையும் முதலில் தமிழில் படிக்கட்டும், அப்புறம் அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் படிக்கட்டும். கதை தெரிந்திருப்பதால் தெரியாத சொல் வந்தாலும் திணறாமல் தாண்டிவிடுவாள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க அது போதும்.

படித்து முடித்ததும் இப்படிக் கேளுங்கள்: ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் அங்கம் என்று 2023-ல் கோர்ட் தானே ஆராய்ந்து முடிவு செய்ததா? நான் கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். அப்படி அல்ல. அது சட்டமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம், சட்டமன்றம் எடுத்த நிலைப்பாட்டில் நாங்கள் தலையிட மாட்டோம் என்றது கோர்ட். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிளாட் கேள்வியைச் செருகுகிறார்கள். மெரினாவில் கூடிய கூட்டத்தை நினைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. முதல் சில மாதம் கடிகாரம் இல்லாமல் இப்படி மெதுவாகப் படிக்கட்டும், வேகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். நடப்பு நிகழ்வுப் பகுதியில் மட்டும் பத்தியில் இல்லாத விவரத்தையும் கேட்பார்கள் என்பதால் தினசரி பேப்பர் கட்டாயம். கணக்கு பத்தாம் வகுப்புத் தரம்தான், சதவீதமும் விகிதமும் கைவசம் இருந்தால் சமாளித்துவிடலாம்.

கோச்சிங் சென்டரில் கொடுக்கும் நோட்ஸுக்கு ஒன்றரை லட்சம் அதிகம். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் தேர்வை நடத்தும் கன்சார்டியத்தின் தளத்தில் சும்மாவே கிடைக்கின்றன. மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வுகளை மட்டும் தனியாக வாங்குங்கள், அதற்குச் சில ஆயிரங்கள் செலவு செய்வதில் தப்பில்லை. வசதி குறைந்த மாணவர்களைக் கிளாட்டுக்குத் தயார் செய்ய ஷம்நாத் பஷீர் என்ற சட்ட அறிஞர் 2010-ல் தொடங்கிய ஐடிஐஏ என்ற அமைப்பு இருக்கிறது, அவர்களுக்கும் எழுதிக் கேளுங்கள். அப்புறம், விடைக்குறிப்பில் அச்சிட்டிருப்பதெல்லாம் வேதவாக்கு என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் தேர்வில் சில விடைகள் தப்பு என்று மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், மதிப்பெண்ணைத் திருத்த உத்தரவு வாங்கினார்கள். வருங்கால வக்கீல்கள் என்றால் சும்மாவா!

இனி உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு வரி. மதுரை அரசு சட்டக் கல்லூரியில் யார் வேண்டுமானாலும் சேர்ந்துவிட முடியாது. நுழைவுத் தேர்வு கிடையாது என்பது உண்மை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் கொடுக்கிறது, அந்த மார்க்குக்குக் கடும் போட்டி. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சட்டப் படிப்பும் அடக்கம், உங்கள் மகளுக்கு அது பொருந்துகிறதா என்று பள்ளியில் கேளுங்கள். 1974-லிருந்து நடக்கும் கல்லூரி அது. நீங்கள் மதுரைக்கு வரும் பஸ்ஸிலேயே, ஒத்தக்கடை தாண்டும்போது உயர் நீதிமன்றக் கிளை வருகிறது. 2004-ல் அது வந்த பிறகு மதுரையில் சட்டம் படிக்கும் பிள்ளைக்கு, ரிட் மனு விசாரணையை நேரில் பார்க்க ஒரு டவுன் பஸ் டிக்கெட் போதும். இந்த வசதி எல்லாத் தேசியப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் வாய்க்காது.

தேசியப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருச்சியிலேயே ஒன்று இருக்கிறது, அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பது அங்கெல்லாம் சகஜம். ஆனால் இந்தப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும், ஐந்து வருடம் கட்ட வேண்டும். வங்கிக் கடன் கிடைக்கும் என்றாலும் கணக்கை இப்போதே போட்டு வையுங்கள். இன்னொன்று, கிளாட் டிசம்பர் முதல் வாரத்தில் வருகிறது. அரையாண்டுத் தேர்வும் அதே மாதம், மார்ச்சில் பப்ளிக். கிளாட்டுக்காகப் பிளஸ் டூ மார்க்கைக் கோட்டை விட்டால் மதுரையும் கிடைக்காது. அதனால் கனமான வேலையெல்லாம் இந்தப் பிளஸ் ஒன் வருடத்திலேயே முடிய வேண்டும்.

விண்ணப்பம் வழக்கமாக ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். கட்டணம் சமீப ஆண்டுகளில் 4000 ரூபாய், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 3500. இடம் கிடைத்தால் கவுன்சலிங்குக்குத் தனியாகப் பல ஆயிரம் முன்பணம் கட்டச் சொல்வார்கள், அதை ஒதுக்கி வையுங்கள். சாதிச் சான்று விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் தாலுகா ஆபீஸில் கொடுக்கும் பிசி, எம்பிசி சான்று வேறு, மத்திய அரசு படிவத்தில் வாங்கும் ஓபிசி சான்று வேறு. வெளி மாநிலப் பல்கலைக்கழகம் எதையாவது விருப்பப் பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால், உங்களுக்குப் பொருந்துமானால், இரண்டாவதும் தேவைப்படலாம். அதில் வருமானத்தையும் பார்ப்பதால் பழைய தேதியை ஏற்க மாட்டார்கள். இப்போது வாங்கிப் பீரோவில் வைக்காமல், அவள் பிளஸ் டூ போனதும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.