பெட்டியில் டம்பெல் வேண்டாம்

விமான டிக்கெட் எடுத்த கையோடு, போகிற ஊரில் உடற்பயிற்சிக்கு என்ன செய்வது என்று எல்லோரும் எனக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள் போல. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பத்து நாள் சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் தங்குகிறேன். ஜிம் கிடையாது. ஏற்றிய உடம்பு இறங்கிவிடுமா? (ராஜபாளையம்)

பத்து நாளில் ஒன்றும் இறங்காது. பெரும்பாலான எச்.டி.பி. குடியிருப்புகளின் (அங்கே அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகள்) கீழேயே தொங்குவதற்குக் கம்பியும் மற்ற சாதனங்களும் இருக்கின்றன, காசில்லாமல். ஒன்று மட்டும் கவனம். அங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். உடம்பு நம்மூர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு விழித்தால் அங்கே எட்டு ஆகியிருக்கும், வெயிலும் ஏறிவிடும். அலாரம் வையுங்கள்.

கேள்வி: இரண்டு டம்பெல் கொண்டுபோகலாமா? (திருச்சி)

23 கிலோ பெட்டியில் 10 கிலோ இரும்பா? இழுத்துப் பயிற்சி செய்கிற 100 கிராம் ரப்பர் பேண்ட் ஒன்று போதும்.

கேள்வி: வெளிநாடு போகிறேன். என்ன பயிற்சி செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? எந்த நாடு, எந்த மாதம், என்ன வயது, எதுவுமே இல்லை. ஆகஸ்ட் துபாய்க்கும் ஜனவரி டொராண்டோவுக்கும் ஒரே பதில் எழுத எனக்குத் தெரியாது. திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: போன வருடம் பாரிஸில் தினமும் 20,000 ஸ்டெப்ஸ் நடந்தோம். இந்த முறை ரோம். தனியாக வேறு பயிற்சி எதற்கு? (தம்பதி, கோவை)

இந்த வாட்ச்சுகளையெல்லாம் ஒருநாள் கடலில் எறியச் சொல்லப்போகிறேன். தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. 'மன்போ-கெய்' என்று பெயர்; பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். சரக்கு விற்க வைத்த பெயர் அது, எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லை. நாம் அறுபது வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் அதை இரட்டிப்பாக்கிவிட்டீர்கள்.

சரி, ஊர் சுற்றும் நடை எப்படிப்பட்டது? பத்து அடி நடந்தால் ஒரு போட்டோ, இன்னும் பத்து அடி நடந்தால் ஒரு ஐஸ்கிரீம். மூச்சே வாங்காது. ராத்திரி கால் வலிப்பது களைப்பால்தான், அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். என்னிடம் வருகிற ஒருவர், உங்களைப் போலவே வாட்ச் பார்த்து நடப்பவர், பாரிஸ் மெட்ரோவில் லிஃப்ட் இல்லாத நிலையத்தில் 20 கிலோ பெட்டியைப் படியேற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அடிக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. தொடையும் முதுகும்தான் தூங்கிக்கொண்டிருந்தன.

வாரம் இரண்டு தடவை, இருபது நிமிடம். ஸ்குவாட் 15, கட்டில் விளிம்பில் கையூன்றி புஷ்-அப் 10. அப்புறம் முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்து, குனிந்து நின்று வயிற்றுப் பக்கமாக இழுப்பது 12 (ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்கு சுலபம்). மூன்று சுற்று. நேரமில்லையா, சுற்றைக் குறையுங்கள், கனத்தைக் குறைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு அதுவே பலத்தைக் காப்பாற்றும். ரோமில் கல் பாவிய தெரு நிறைய. தயவுசெய்து புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள்.

கேள்வி: வயது 62. மகள் வீட்டுக்கு அமெரிக்கா, 15 மணி நேர விமானம். கால் வீங்குகிறது. (கும்பகோணம்)

நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்குங்கள் அம்மா. மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம் வரை போய் வாருங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் இறுகுவது தெரிய வேண்டும். முன்பு கால் நரம்பில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தாலோ வெரிகோஸ் இருந்தாலோ, இறுக்கமான காலுறை பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: லண்டனில் ஒரு மாதம். தனியாக ஓட அலுப்பாக இருக்கிறது. (சென்னை)

சனிக்கிழமை காலை 9 மணிக்கு பார்க்ரன் போங்கள், பூங்காவில் எல்லோரும் சேர்ந்து ஓடுவது. 5 கிலோமீட்டர், இலவசம். 2004இல் அங்கே புஷி பார்க்கில் தொடங்கியதுதான். ஒருமுறை பதிவு செய்து பார்கோடு வைத்துக்கொண்டால் போதும். அங்கே வண்டிகள் நம்மூர் மாதிரி இடப்பக்கம் போகும். அப்படியே பாரிஸ் பக்கம் போனால் வலப்பக்கம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு சாலையைக் கடக்காதீர்கள்.

கேள்வி: இன்சுலின் போடுகிறேன். காலை நடை? (சேலம்)

நடக்கலாம், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நேரம் மாறுவதால், டிக்கெட்டோடு டாக்டரைப் பாருங்கள். மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துவிடக்கூடும்.

கேள்வி: பயணத்துக்கென்றே நல்ல ஷூ வாங்கியாயிற்று. எந்த சாக்ஸ் போடலாம்? நாளை மறுநாள் கிளம்புகிறேன். (மதுரை)

சாக்ஸ் இருக்கட்டும். பழைய ஷூ எங்கே?