எம்.பி.ஈ. ‘எடுத்துத் தர’ 4,500 பவுணா? ஒரு சதமும் கொடுக்காதீர்கள்

ஹரோவில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“என் அப்பாவுக்கு 74 வயது. 1991 முதல் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடத்தி வருகிறார். கலியாண வீடு ஒன்றில் அறிமுகமான ஒருவர் அப்பாவுக்கு எம்.பி.ஈ. என்ற பிரித்தானிய அரச விருதை எடுத்துத் தரலாம் என்கிறார். எழுத்துவேலை, ‘மேலிடத்துத் தொடர்பு’ எல்லாம் சேர்த்து 4,500 பவுண். ஓ.பி.ஈ. என்றால் இன்னும் கூடுமாம். முதலில் பாராளுமன்றத்தில் ஒரு விருது வாங்கி வைத்தால் பலம் என்கிறார். அதற்கு வேறு காசு. அப்பாவிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான், இங்கே நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது. கொடுக்கலாமா? கிடைத்தால் அப்பா ‘சேர்’ ஆகிவிடுவாரா? அம்மாவை ‘லேடி’ என்று கூப்பிடுவார்களா?”

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், வீட்டில் அதுதான் பெரிய பேச்சாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகமாட்டார். எம்.பி.ஈ. என்பது 1917இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தொடக்கிய ஒரு விருது வரிசையின் ஐந்தாவது படி. மேலே உள்ள இரண்டு படிக்காரருக்கு மட்டும்தான் ‘சேர்’ அல்லது ‘டேம்’. சி.பி.ஈ., ஓ.பி.ஈ., எம்.பி.ஈ. மூன்றுக்கும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள மூன்று எழுத்து, நெஞ்சில் குத்த ஒரு பதக்கம், அவ்வளவுதான். இவற்றுக்கும் கீழே பி.ஈ.எம். என்று ஒரு பதக்கம் உண்டு. 1993இல் நிறுத்தி, 2012இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். அப்பா எம்.பி.ஈ. வாங்கினால் அம்மா அம்மாதான். ‘சேர்’ போட வைக்கும் நைட் பட்டம் பெற்றவரின் மனைவிக்குத்தான் மரியாதைக்காக ‘லேடி’ ஒட்டும். டேம் பட்டம் பெற்ற பெண்ணின் கணவருக்கு ஒன்றுமே கிடையாது. இதை இன்னும் யாரும் திருத்தவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகள் அப்பாவைச் ‘சேர்’ என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அதற்கு அரண்மனையின் கையெழுத்துத் தேவைப்படவில்லை.

அந்தச் ‘சேர்’ எங்கள் பெயர்களில் சரியாக உட்காருவதுமில்லை. ஆங்கில வழக்கப்படி அது முதல் பெயரோடுதான் சேரும், குடும்பப் பெயரோடு சேராது. பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அவர் தம்பி பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் பட்டம் கொடுத்தபோது, அந்தக் கணக்கில் இரண்டு பேரும் ‘சேர் பொன்னம்பலம்’. பட்டம் போய் விழுந்தது தகப்பன் பெயரில். நாங்கள் ‘சேர் பொன். இராமநாதன்’ என்று எழுதிச் சமாளித்துக்கொண்டோம். அப்பாவை விருதுக்கு முன்மொழியும் படிவத்தை நிரப்பும்போது நீங்களும் இதைக் கவனியுங்கள். கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் முன்னால் நின்றால், அப்பாவை எல்லோரும் எந்தப் பெயரால் அறிவார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இனிக் காசு.

விண்ணப்பப் படிவம் அரசாங்க இணையத்தளத்தில் இலவசம். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. முன்மொழிபவர் எந்த விருது என்று கேட்கவே முடியாது. ஆளைப் பற்றி எழுதலாம், பி.ஈ.எம். கொடுப்பதா, எம்.பி.ஈ. கொடுப்பதா, ஒன்றும் கொடுக்காமல் விடுவதா என்பதை விருதுக் குழுதான் தீர்மானிக்கும். ஆகவே எம்.பி.ஈ.க்கு ஒரு விலை, ஓ.பி.ஈ.க்கு இன்னொரு விலை என்று பட்டியல் நீட்டுபவருக்கு ஒன்றில் நடைமுறை தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது நன்றாகத் தெரியும்.

‘மேலிடத்துத் தொடர்பு’க்குக் காசு என்பது வெறும் ஏமாற்று வேலை மட்டுமல்ல, குற்றம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரதமர் லொயிட் ஜோர்ஜ் காலத்தில் பட்டங்கள் கடைச் சாமான் மாதிரி விலைபோயின. அந்த நாற்றம் தாங்காமல் 1925இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றது ஒரே ஆள்தான், மோண்டி கிரெகரி என்ற தரகர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவரிடம் நைட் பட்டத்துக்கு 10,000 பவுண் கேட்டு மாட்டிக்கொண்டார். 1933இல் இரண்டு மாதச் சிறையும் 50 பவுண் அபராதமும். நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் பிடிக்கும். அப்பாவுக்கு நல்லது செய்யப்போய் நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடாது.

எழுதித் தருவதற்கு மட்டும் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது குற்றமில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். கவுன்சிலில் வேலை செய்த காலத்தில் இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்தன. பெயரை மறைத்துவிட்டால் யாருடையது என்றே தெரியாது. எல்லோரும் ‘சமூகத்தின் தூண்’, எல்லோரும் ‘தன்னலமற்றவர்’. மூன்றாவது வரியிலேயே கூலிக்கு எழுதியது தெரிந்துவிடும்.

அந்தப் ‘பாராளுமன்ற விருது’ இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. வெஸ்ட்மின்ஸ்டரில் கூட்ட அறைகள் இருக்கின்றன. எம்.பி. ஒருவரோ பிரபு ஒருவரோ பொறுப்பேற்றால் அங்கே கூட்டம் வைக்கலாம், தேநீர் குடிக்கலாம், யாருக்கும் எதையும் கொடுத்துப் படம் எடுக்கலாம். பாராளுமன்றம் அந்த விருதைக் கொடுப்பதில்லை. கூரை மட்டும்தான் பாராளுமன்றத்தினுடையது. கலியாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் மண்டபச் சொந்தக்காரரின் மாப்பிள்ளை ஆகிவிடுவாரா? ஆனால் மறுநாள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ‘பிரித்தானியப் பாராளுமன்றம் கௌரவித்தது’ என்று பத்திரிகையில் வரும், ஊரில் பதாகை கட்டுவார்கள். படியாதவர்கள் மட்டும் இதில் விழவில்லை. வைத்தியர்கள், பேராசிரியர்கள், கோயில் தலைவர்கள் எல்லோரும் சால்வையோடு வரிசையில் நிற்கிறார்கள். விருதுக் குழு முன்னால் அந்தக் கண்ணாடிக் கேடயத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. காசு கொடுத்து வாங்கியது என்று தெரிந்தால், உண்மையான முப்பது வருட உழைப்பின் மேலும் அது கறையாக விழும்.

இதே ஆட்களின் பையில் வேறு சரக்கும் இருக்கும். ஸ்கொட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் ‘லோர்ட்’ ஆகலாம் என்பார்கள். ஆக முடியாது, அந்தத் துண்டை நிலப் பதிவேட்டில் உங்கள் பெயருக்குப் பதியக்கூட முடியாது. பழைய பண்ணை உரிமையை வாங்கினால் ‘லோர்ட் ஒஃப் த மேனர்’ என்பார்கள். அது சொத்துரிமை, பிரபுப் பட்டமல்ல. கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, நீங்களே எப்படிச் செய்வது?

படிவத்தோடு அப்பாவை நேரில் அறிந்த இரண்டு பேரின் கடிதங்கள் வேண்டும். எல்லோரும் உடனே எம்.பி.யிடம் ஓடுகிறார்கள். எம்.பி.யின் அலுவலகம் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எத்தனை பேருக்குக் கொடுக்கிறதோ தெரியாது. அப்பாவிடம் படித்து இன்று தன் பிள்ளையை அதே வகுப்புக்குக் கூட்டிவரும் ஒரு தாதி எழுதட்டும். பள்ளிக்கு இடம் கொடுத்த பாடசாலையின் அதிபர் எழுதட்டும். இருவரும் தனித்தனியாக, தங்கள் சொந்த வார்த்தையில்.

படிவத்தில் புகழ்ச்சி எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். ‘தமிழுக்குத் தன்னை அர்ப்பணித்தவர்’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. ‘1991இல் ஒரு தேவாலய மண்டபத்தில் இத்தனை பிள்ளைகளோடு தொடங்கினார், இன்று இத்தனை பேர், சம்பளம் வாங்கியதில்லை, மண்டபம் கிடைக்காத வருடம் வீட்டு முன்னறையில் வகுப்பு நடந்தது’ என்றால் குழுவில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அவர் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்காது என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். இப்போதும் பள்ளியில் ஈடுபட்டிருக்கிறார் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற பிறகு முன்மொழியலாம் என்று தள்ளிப்போடுவதுதான் எங்கள் ஆட்கள் வழக்கமாக விடும் பிழை.

அப்பாவுக்குச் சொல்லக்கூடாது. விதியும் அதுதான், புத்தியும் அதுதான். கிடைக்காமல் போனால் அவர் மனம் நோகாது. ‘எம்.பி.ஈ.க்கு முன்மொழியப்பட்டவர்’ என்று முகநூலில் போடும் தரகர்களும் இருக்கிறார்கள். யாரும் யாரையும் முன்மொழியலாம், அதில் ஒரு பெருமையும் இல்லை.

வரித் திணைக்களத்திடமும் ஆளைப் பற்றிக் கேட்பார்கள். பள்ளி பதிவுசெய்த அறக்கட்டளை என்றால் ஆண்டுக் கணக்கு நேரத்துக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிந்தியிருந்தால் பொதுப் பதிவேட்டில் உலகத்துக்கே தெரியும்.

பிறகு காத்திருங்கள். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் என்கிறார்கள், அதற்கு மேலும் போகும். துறைவாரிக் குழு, அதற்கு மேல் முதன்மைக் குழு, பிரதமர், அரசர் என்று கோப்பு ஏறும். சரிவந்தால் அறிவிப்புக்குச் சில வாரங்களுக்கு முன் ‘ஏற்பீர்களா’ என்று அப்பாவுக்கே கடிதம் வரும். சரிவராவிட்டால்? ஒரு கடிதமும் வராது, காரணமும் சொல்லமாட்டார்கள். பரீட்சை எழுதிய பிள்ளைக்குக்கூடப் பெறுபேறு சொல்கிறோம். புதுவருடத்திலும் அரசரின் பிறந்தநாளுக்கு ஜூனிலும் பட்டியல் வரும்போது, ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேல் பெயர்கள். கட்சிக்கு நன்கொடை கொடுத்தவரும் உயர் அதிகாரியும் மேல்படியில் நிற்பார்கள்; நாற்பது வருடம் உணவுப் பொதி சுமந்தவர் கடைசிப் படியில் நிற்பார், பி.ஈ.எம். என்றால் அரண்மனையில் அணிவிப்பதுகூட இல்லை, மாவட்டத்தில் அரசரின் பிரதிநிதி கொடுப்பார். இது எனக்கு ஒருநாளும் சரியாகப்பட்டதில்லை. உங்கள் அப்பாவின் சேவைக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது பி.ஈ.எம். அல்லது எம்.பி.ஈ.; அதற்கு மேல் கனவை வளர்க்கவேண்டாம்.

கடவுச்சீட்டு விசயம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலரும் இதில் குழம்புகிறார்கள்.

இலங்கை பொதுநலவாய நாடுதானே என்பீர்கள். கணக்கு அதுவல்ல. அரசரை நாட்டின் தலைவராகக் கொண்ட நாடா என்பதுதான் கேள்வி. இந்தியா 1950இலும் இலங்கை 1972இலும் குடியரசாகிவிட்டன. ஆகவே இந்த விசயத்தில் இலங்கைக் குடிமகன் அமெரிக்கரைப் போல வெளிநாட்டவர். இங்கே எத்தனை வருடம் வாழ்ந்தாலும், வதிவிட உரிமை இருந்தாலும், அதுதான் நிலை. வெளிநாட்டவருக்கு விருது உண்டு, ஆனால் அது கௌரவ விருது. வெளியுறவு அமைச்சின் வழியாகப் போகும், வழமையான பட்டியலோடு வராது. கௌரவ நைட் பட்டம் பெற்றவர் ‘சேர்’ போட முடியாது. ரத்தன் டாட்டாவுக்கு 2014இல் இந்த வரிசையின் ஆக உயர்ந்த படியையே கொடுத்தார்கள், ‘சேர்’ இல்லை. அயர்லாந்துக்காரரான பொப் கெல்டோஃபை உலகமே ‘சேர் பொப்’ என்கிறது, அதுவும் பிழை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிரித்தானியக் குடிமகன் என்பதால் 2012இல் அவருக்குக் கிடைத்தது முழுப் பட்டம். பிறகு குடியுரிமை எடுத்தால் கௌரவ விருதை முழு விருதாக மாற்றிக்கொள்ளலாம். வயலின் மேதை யெஹுதி மெனுஹினுக்கு 1965இல் கௌரவ நைட் பட்டம்; 1985இல் பிரித்தானியக் குடியுரிமை எடுத்த பிறகுதான் அவர் ‘சேர்’ ஆனார். இரட்டைக் குடியுரிமை உள்ளவரைப் பிரித்தானியராகவே கணக்கெடுப்பார்கள்.

அப்பாவின் படியில் ‘சேர்’ எப்படியும் இல்லாததால் இதனால் பெரிய நட்டமில்லை. மூன்று எழுத்தைக் கௌரவ விருது பெற்றவரும் போட்டுக்கொள்ளலாம். விருதுக்காக அவசரப்பட்டுக் குடியுரிமை மாற்றாதீர்கள். இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்காமல் இங்கே எடுத்தால் அங்கே போய்விடும். ஊரில் காணி இருந்தால் அது வேறு தலையிடி.

வீரச் செயல் விருதுகள், பிரபுப் பட்டங்கள், அரசர் தன் விருப்பப்படி கொடுப்பவை எல்லாம் வேறு கதை, உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் தன்னார்வச் சேவைக்கான அரசர் விருது என்று ஒன்று இருக்கிறது. அது தனியாளுக்கல்ல, குழுவுக்கு. மூன்று வருடமாவது இயங்கும் தொண்டர் குழுவாக இருந்தால், அதை நன்றாக அறிந்த, ஆனால் அந்தக் குழுவில் இல்லாத யாரும் முன்மொழியலாம். கடவுச்சீட்டுத் தலையிடியும் இல்லை. பள்ளிக்காக அதையும் அப்படி ஒருவரைக் கொண்டு அனுப்பிவையுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் எனக்குக் குறையாகத் தெரிந்தது. பள்ளியில் அம்மா என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. பாடகி மாயா அருள்பிரகாசத்துக்கு 2019இல் எம்.பி.ஈ. அறிவித்தபோது, இந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கும் இரண்டு பெண்களில் ஒருவர் தன் தாய் என்று அவர் சொன்னார். ஆங்கிலம் தெரியாமல் வந்து, 33 வருடமாகத் தைத்தவராம். உங்கள் வீட்டிலும் தேநீர்ப் பாத்திரமும் வரவுப் பதிவேடும் மண்டபத் திறப்பும் யார் கையில் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். அது அம்மா என்றால் படிவம் இரண்டாக நிரப்புங்கள். அம்மாவின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்றும் பாருங்கள். பழைய வரவுப் பதிவேடுகளை இந்த வாரமே எடுத்துத் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று கேட்டால், பள்ளியின் ஆண்டு மலருக்கு என்று சொல்லிவிடுங்கள்.