ஆத்தங்கரையில சைக்கிள் ஓட்டப் போற புதுவயல் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டிருந்தது இதுதான்: ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஏப்ரல்ல வீட்ல அவுகளும் ஆறு வயசு மகளும் வர்றாக, இப்போதைக்குக் கார் வாங்குற யோசனை இல்ல, சனி ஞாயிறு குடும்பத்தோட சாவகாசமா ஓட்டிப் போக மேடு இல்லாத, வண்டி நடமாட்டம் இல்லாத ஆத்தோரப் பாதை எது? கூடவே என்ன சைக்கிள், என்ன ஹெல்மெட், வாடகை கட்டுமா, வழியில சாப்பாடு கிடைக்குமா?

சைக்கிள் எது வாங்கினாலும் ஓடும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்ல. மகளுக்கு நீங்க கட்டாயமாக்கிக்கிருங்க. வாடகை கட்டுமா கட்டாதான்னு புதுவயல்காரருக்கு நான் கணக்குச் சொல்லித் தரணுமா? ஞாயித்துக்கிழமை கடை பூட்டியிருக்கும், புளிச்சோறு கட்டிக்கிட்டுப் போயிருங்க. முடிஞ்சுது.

“வண்டி நடமாட்டம் இல்லாத”ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த நீளமான பதில். அந்த வார்த்தைய நம்பி வந்து முட்டியப் பேத்துக்கிட்டவுக நிறையப் பேரு.

கார் வராத பாதைன்னா யாரும் வராத பாதைன்னு அர்த்தம் இல்ல. நெக்கார் ஆத்தோரமானாலும் டாவ்பர் ஆத்தோரமானாலும் அந்தப் பாதையில நிறைய இடம் வயக்காட்டுத் தார் ரோடு. சிவப்பு வளையத்துக்குள்ள காரும் மோட்டார் சைக்கிளும் போட்டு ஒரு தடைப் பலகை இருக்கும். அதுக்குக் கீழ சின்னப் பலகை ஒண்ணு, விவசாய வண்டிக்கு விலக்குன்னு. டிராக்டர் பாதை முழுக்க அடைச்சுக்கிட்டு வரும், பின்னால சாணித்தண்ணி டேங்கு வேற. அதுக்கு முன்னால வீரம் காட்டாம இறங்கி ஓரமா நின்னு கையக் காட்டுங்க, அவரும் காட்டுவாரு. அறுப்புக் காலத்துல சக்கரத்துல ஒட்டின சேறு பாதையில அப்படியே கிடக்கும், மழை பெய்ஞ்சா வழுக்கி விட்ரும்.

அடுத்தது கம்பம். கார் நுழைஞ்சிரக் கூடாதுன்னு பாதை வாசல்ல நட்ட நடுவுல ஒரு கம்பம் நட்டிருப்பாக. முன்னால போறவுகளுக்குத் தெரியும். அவுக முதுகப் பாத்துக்கிட்டே பின்னால வர்றவுகளுக்குத் தெரியாது. மகள முன்னால விட்டு நீங்க பின்னால வாங்க, கம்பத்தக் கண்டா சத்தம் போட்டுச் சொல்லுங்க.

ஆத்தோரப் பாதை அங்கங்க ஊர் ரோட்டக் கடக்கும். இந்த நாட்டுல பலகை இல்லாத முக்குல வலப்பக்கத்துலருந்து வர்றவருக்குத்தான் முதல் உரிமை. ஆனா வயக்காட்டுப் பாதையிலருந்து ரோட்டுக்கு ஏறுறவருக்கு அந்த உரிமை கிடையாது, நீங்கதான் நிக்கணும். இத மனப்பாடம் பண்ணிக்கிருங்க. நீல வட்டப் பலகையில ஆளும் சைக்கிளும் குறுக்குக் கோடு போட்டுப் பிரிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் பொது, நடக்குறவுகள ஒட்டி மெதுவாப் போகணும். நெடுக்குக் கோடுன்னா ஆளுக்கொரு பாதி. எட்டு வயசு முடியுற வரைக்கும் மக ஊருக்குள்ள நடைபாதையிலதான் ஓட்டணும், ரோட்டுலருந்து பிரிச்சுத் தனியாப் போட்ட சைக்கிள் பாதை இருந்தா அதுல போகலாம். நடைபாதையில கூட ஒருத்தர் துணைக்கு ஓட்டிக்கிட்டுப் போகவும் அனுமதி உண்டு.

ஓட்டிக்கிட்டே கையில போன் வச்சிருந்தா 55 யூரோ. ஓட்டிக்கிட்டே வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புற ஆசைக்கு இது கொஞ்சம் அதிகம்.

இதெல்லாத்துக்கும் முன்னால ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்னு சொல்ற தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுங்க. சைக்கிள்ல போயி ஒரு பெரியவர இடிச்சு அவுக இடுப்பு முறிஞ்சா, ஆஸ்பத்திரிச் செலவுலருந்து நஷ்டஈடு வரைக்கும் உங்க தலையில. குடும்பம் முழுசுக்கும் சேத்தே வருசத்துக்கு ரொம்ப ஆகாது. புதுசா வர்ற நம்மாளுக இருக்காக பாருங்க, காருக்குக் காப்பீடு கேப்பாக, போனுக்குக் கூட எடுப்பாக, இத மட்டும் “அதெல்லாம் எதுக்கு”ம்பாக.

நம்மாளுகளப் பத்தி வாயத் தொறந்துட்டேன், சொல்லிர்றேன். வசந்தம் வந்ததும் எட்டுப் பத்துப் பேர் சேந்து வாடகைச் சைக்கிள் எடுப்பாக. பாதை அகலத்துக்கும் பரவி ஓட்டுவாக, நடுவுல ஒருத்தர் ஸ்பீக்கர்ல பாட்டு. எதிர்ல வர்ற ஜெர்மன்காரம்மா இறங்கி நிப்பாக, ஒண்ணும் சொல்ல மாட்டாக, ஆனா அந்தப் பார்வை இருக்கே! அது அடுத்து அதே பாதையில தனியாப் போற நம்ம மேலதான் விழும். இன்னொரு ரகம், ரெண்டாயிரம் யூரோவுக்குச் சைக்கிளும் இறுக்கமான சட்டையும் வாங்கிப் படம் போட்டுட்டு, நிலவறையில பூட்டி வைக்கிறவுக. “ஊர்ல கார் வச்சிருந்தவன், இங்க வந்து சைக்கிளா?”ன்னு கேக்குறவுகளும் உண்டு. அவுககிட்ட நான் பேசுறதே இல்ல.

நான் வந்தப்ப இதச் சொல்ல ஆளில்ல. நவம்பர்ல இறங்கினேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கே கும்மிருட்டு. கூப்பிட்ட கம்பெனி ரெண்டு வாரத்துக்குத்தான் ரூம் போட்டிருந்துச்சு, அதுக்கப்புறம் உன் பாடு. ஸ்டுட்கார்ட் பக்கத்துல எஸ்லிங்கன்ல ஒரு வயசான அம்மா வீட்டு மாடியறை கிடைச்சுது, சாய்வுக் கூரை, நடுவுல மட்டும்தான் நிமிந்து நிக்கலாம். பனி விட்டதும் அந்தம்மா நிலவறையிலருந்து தன் வீட்டுக்காரர் ஓட்டின பழைய சைக்கிள எடுத்துக் குடுத்தாக. மூணு கியர், கை பிரேக்கு முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரத்துக்குப் பெடலையே பின்னால மிதிக்கணும். நமக்குத்தான் இறக்கம் கண்டா பெடலைப் பின்னாடி கரகரன்னு சுத்திக்கிட்டே போற பழக்கமாச்சே! ஆத்தங்கரைக்கு இறங்குற சரிவுல சுத்தினேன். சைக்கிள் நின்னுருச்சு, நான் நிக்கல. நாயோட நடந்து வந்த ஒரு பெரியவர் ஓடி வந்து முதல்ல சைக்கிளத் தூக்கி, ஹாண்டில் பாரை நேராக்கி, சக்கரத்தச் சுத்திப் பாத்துட்டு, அப்புறந்தான் என் முட்டியப் பாத்தாரு. இந்த ஊர் எனக்கு அன்னக்கித்தான் புரிய ஆரம்பிச்சுது. இப்பவும் அந்த மாதிரிப் பின்மிதி பிரேக்குச் சைக்கிள்தான் ஓட்டுறேன். ஊருக்கு வந்து சாதாச் சைக்கிள் ஏறினா எனக்குத்தான் தடுமாறுது.

ஆமா, உண்ணி! அத விட்டுட்டேன். புல்லுல ஜமுக்காளம் விரிக்கிறவுக கவனிக்க வேண்டிய விசயம். நம்ம இருக்குற பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம், பக்கத்து பவாரியா ரெண்டும் உண்ணிக்கடி மூளைக்காய்ச்சல் இருக்குற பகுதி. அதுக்கு ஊசி உண்டு, மூணு தவணை, இன்சூரன்ஸ்ல சேரும். மூணும் முடிய மாசக்கணக்காகும், அதனால இப்பவே குடும்ப டாக்டர்கிட்ட நேரம் வாங்குங்க. உண்ணி பரப்புற இன்னொரு நோய் போரெலியோசிஸ், அதுக்கு ஊசி கிடையாது. வீட்டுக்கு வந்ததும் மகளோட முட்டிப் பின்பக்கம், அக்குள், தலைமுடி ஓரம் தடவிப் பாருங்க. இருந்தா நுனி கூர்மையான இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, எண்ணெய் வைக்கிற கைவைத்தியம் வேண்டாம். கடிச்ச இடத்தச் சுத்திச் செவப்பு வளையம் விரிஞ்சுக்கிட்டே போனா அன்னக்கே டாக்டர்.

சரி, பாதை. நெக்கார் பாதை வில்லிங்கன்-ஷ்வென்னிங்கன்ல தொடங்கி மான்ஹைம் வரைக்கும் 360 கிலோமீட்டருக்கு மேல. ஸ்டுட்கார்ட்டச் சுத்தியுள்ள பகுதிய மட்டும் ஓட்டிட்டு “நெக்கார் இவ்வளவுதானா”ன்னு சொல்லிராதீங்க. ப்ளோகிங்கனுக்குக் கீழ அது கப்பல் ஓடுற ஆறு, மான்ஹைம் போறதுக்குள்ள கப்பல ஏத்தி இறக்குற மதகுப் பூட்டு 27. ஸ்டுட்கார்ட் பக்கம் கரை முழுக்க ஃபாக்டரியும் ரோடும். மேல ரோட்டன்பர்க், டூபிங்கன் பக்கம் போங்க, இல்லாட்டி கீழ பெஸிக்ஹைம், லவுஃபன் பக்கம், திராட்சைத் தோட்டம் படிப்படியா ஏறி நிக்கும். பாதை மட்டும் சமதரை. தண்ணி ஏறின நாள்ல பாலத்தடிப் பாதைய மூடியிருப்பாக, தடுப்பத் தாண்டாதீங்க.

மகளோட போறதுக்கு நான் சொல்றது டாவ்பர். ரோத்தன்பர்க்லருந்து (மேல சொன்ன ரோட்டன்பர்க் இல்ல, இது வேற ஊர்) வெர்ட்ஹைம் வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர், சின்ன ஆறு, கல்பாலம், பழைய ஊருக. முழுசும் வேண்டாம். ஸ்டுட்கார்ட்லருந்து வுர்ட்ஸ்பர்க் போற ரெகியோனல் ரயில்ல, அதாவது சுத்துப்பட்டு ஊர்களுக்கு ஓடுற வட்டார ரயில்ல, லவுடாவுல இறங்கி, ஆத்துப் போக்குலயே டாவ்பர்பிஷோஃப்ஸ்ஹைம் வரைக்கும் ஓட்டிட்டு, அங்கயே ரயில் ஏறி லவுடா திரும்பிருங்க. நம்ம மாநிலத்துக்குள்ள ரெகியோனல் ரயில்ல சனி ஞாயிறு சைக்கிளுக்குக் காசு இல்ல, வார நாள்ல காலை 6லருந்து 9 வரைக்கும் மட்டும் சீட்டு வேணும். வழிகாட்டிப் பலகை வெள்ளையில பச்சை எழுத்து, தொலைஞ்சு போக முடியாது. கிட்டக்க வேணும்னா ரெம்ஸ் ஆத்துப் பாதை. அதுல வர்ற ஷோர்ன்டோர்ஃப்லதான் 1834ல டைம்லர் பிறந்தாரு. கார் கண்டுபிடிச்சவுக ஊர்ல கார் இல்லாத பாதை தேடுறோம்! மான்ஹைம்ல ட்ரைஸ்ங்கிறவர் 1817ல பெடல் இல்லாத ரெண்டு சக்கர வண்டிய உந்தி உந்தி ஓட்டினாரு, அதே ஊர்லதான் பென்ஸ் தன் மோட்டார் வண்டியச் செஞ்சாரு. ரெண்டும் ஒரே ஊர்ச் சரக்கு.

உங்க அபார்ட்மென்ட்ல நம்மாளுக நிறையன்னு எழுதியிருந்தீங்க. இருக்கட்டும், ஆனா அதுக்குள்ளயே கிடக்காதீங்க. பினாங்குல, ரங்கூன்ல கடையும் தங்குற இடமுமான கிட்டங்கிக்குள்ள படுத்து எந்திரிச்சு, மூணு வருசக் கணக்கு முடிச்சுக் கப்பல் ஏறின நம்ம ஐயாக்க மாதிரியே நம்மாளுக இப்ப வாட்ஸப் குரூப்புக்குள்ள குடியிருக்காக. ஐயாக்களுக்காவது ஊர்ல வீடு கட்டுற காரியம் இருந்துச்சு. நெக்கார் ஓரத்துல தெனம் எதிர்ல வர்றவருக்கு “க்ரூஸ் கோட்”னு இந்தப் பக்கத்து வணக்கம் சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பாதி பாஷை வந்துச்சு, வகுப்புல வரல.

இதப் பள்ளத்தூர் வீட்டு முகப்புல உக்காந்து எழுதுறேன், சின்னாத்தா மக கல்யாணத்துக்கு வந்தேன். நமக்கு ஆறுன்னா மணல்தான், தண்ணின்னா கண்மாயும் ஊருணியும். கண்மாய்க் கரையில குரங்குப் பெடல் போட்டுத்தான் படிச்சேன், மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள். கருவை முள்ளு குத்திருச்சுன்னா வாடகை போக பஞ்சர் காசும் நம்ம தலையில, அதுக்கு அப்பத்தா சுருக்குப் பை. நேத்துக் காலையில அந்தக் கரைக்குப் போனேன், சீமைக் கருவை மூடி ஆள் நுழைய இடமில்ல. கானாடுகாத்தான்ல வெள்ளக்காரக சைக்கிள்ல வீடு பாத்துக்கிட்டுத் திரியிறாக, நம்ம பிள்ளைக பக்கத்துத் தெருவுக்குக் கார எடுக்குதுக. நானும் கல்யாண வீட்டுக்கு ஒரு சைக்கிள் கேட்டேன், மச்சான் சிரிச்சுட்டு டிரைவரக் கூப்பிட்டாரு.

அடுத்த வாரம் கிளம்புறேன். உங்க அப்பச்சி சீப்புச் சீடையும் மனகோலமும் குடுத்து விடுறதாச் சொன்னாக. ரெண்டு கிலோவுக்கு மேல வாங்க மாட்டேன், நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க.