எடை முள் நிற்கிறது, தட்டை இன்னும் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41, உயரம் 158 செ.மீ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ஐந்து மாதங்களுக்கு முன் 82 கிலோ இருந்தேன். நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று குறிப்பேட்டில் எழுதிச் சாப்பிட்டு 73 கிலோவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் கடந்த 18 நாட்களாக எடை அசையவில்லை. ஞாயிறுதோறும் காலையில், கட்டிலருகே கால்மிதியின் மேல் இருக்கும் எடை இயந்திரத்தில் ஏறிப் பார்க்கிறேன். மூன்று ஞாயிறும் அதே எண். மூன்று வாரங்களுக்கு முன் பளு தூக்கும் பயிற்சி தொடங்கினேன். அந்த நாட்களில் கைக்கடிகாரம் 300 கலோரி செலவு என்று காட்டுவதால், ஈடாக ஒரு கிளாஸ் பாலும் பழமும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். இனி 1,000 கலோரிக்கு இறங்கிவிடலாமா? என் தோழியோ, “உன் உடம்பு பட்டினி நிலைக்குப் போய்விட்டது, இன்னும் அதிகம் சாப்பிட்டால்தான் எடை இறங்கும்” என்கிறாள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். 1,000 கலோரி யோசனையை இன்றே கைவிடுங்கள்; தோழியின் பேச்சுக்குப் பின்னால் வருகிறேன். உங்கள் எண்களைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். உங்கள் எடை நின்றுவிட்டதா என்பதே எனக்கு இன்னும் உறுதியாகவில்லை.

உடல் சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கும் கலோரியை மதிப்பிட, 1990-இல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் எங்கள் தொழிலில் பலரும் பயன்படுத்துகிறோம். பெண்களுக்கு அந்தக் கணக்கு இப்படி: கிலோவில் உள்ள எடையைப் பத்தாலும், சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து வயதைப்போல ஐந்து மடங்கையும், கூடவே 161-ஐயும் கழிக்க வேண்டும். 82 கிலோவில் உங்களுக்கு வருவது சுமார் 1,440. 73 கிலோவில் 1,350. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இதை 1.4-ஆல் பெருக்கினால் ஒரு நாள் செலவு கிடைத்துவிடும். தொடக்கத்தில் செலவு 2,020, வரவு 1,500. துண்டு விழுந்தது 520. இன்று செலவு 1,890, துண்டு 390.

பயிற்சி நாட்களின் பாலையும் பழத்தையும் விட்டுவிட்டால், நீங்கள் ஒரு கவளம்கூடக் கூட்டவில்லை. ஆனாலும் துண்டு சுருங்கிவிட்டது. சிறிய உடலுக்குச் செலவு குறைவு, அவ்வளவுதான். ஒன்பது கிலோ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நடப்பவருக்கு மூச்சு வாங்குவதில்லை அல்லவா, அதே கதை.

உண்மையில் சூத்திரம் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சுருங்கியிருக்கும். எடை குறையும்போது உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது. பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய கெவின் ஹால் குழுவினர் கணித்துச் சொன்னது இது. செலவு குறைவதைவிடப் பசி கூடுவது மூன்று மடங்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். ஐந்து மாதங்களாக இந்தப் பசியைத் தாங்கிக்கொண்டு 1,500-இல் நிற்பவரைப் பார்த்து மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆக, உங்கள் இன்றைய துண்டு 250-க்கும் 390-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. உடல் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி துண்டு விழ வேண்டும். எனவே 18 நாட்களில் நீங்கள் இழந்திருக்கக் கூடியது 600 முதல் 900 கிராம். ஒரு மனிதரின் எடையோ, அவர் கொழுப்பில் ஒரு கிராம்கூட மாறாமல், ஒரே வாரத்துக்குள் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். உப்பு கூடிய உணவு, மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், தூக்கம் கெட்ட இரவு என்று எது வேண்டுமானாலும் காரணமாகலாம். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பழக்கமில்லாத தசைகள் பளு தூக்கியதும் வீங்கி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவை எரிபொருளாகச் சேமிக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் நீரையும் பிடித்துக்கொள்ளும். பயிற்சியும் எடை நின்றதும் ஒரே வாரத்தில் தொடங்கியதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

போதாக்குறைக்கு வாரம் ஒரு முறைதான் எடை பார்க்கிறீர்கள். மூன்றே மூன்று புள்ளிகள். இனி தினமும் பாருங்கள்: காலையில், கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன். அன்றாட எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஏழு நாட்களின் சராசரியை மட்டும் எழுதுங்கள். நான்கு வாரம் போகட்டும். ஒரு முழு மாதவிடாய்ச் சுற்றையாவது கடக்காமல் பெண்கள் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் எடுங்கள். எடை நின்று இடுப்பு குறைந்தால், எதையும் மாற்றாமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்த நான்கு வாரங்கள் சும்மா காத்திருப்பதற்கு அல்ல. குறிப்பேட்டில் 1,500 என்று எழுதுகிறீர்கள். வயிற்றுக்குள் போவதும் 1,500-தானா? கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். ஒரு நாள் என் வீட்டு எண்ணெய்ப் புட்டியைக் காலையில் சமையலறைத் தராசில் வைத்தேன். 812 கிராம். இரவு பாத்திரம் கழுவிய பிறகு மீண்டும் வைத்தேன். 764. நாங்கள் இருவர், ஆளுக்கு 24 கிராம். என் குறிப்பேட்டிலோ ‘எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி’ என்று இருந்தது. ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 14 கிராம். எழுதாமல் போன 10 கிராமில் 90 கலோரி. அதே மும்முரத்தில், ‘ஒரு கைப்பிடி, 30 கிராம்’ என்று நான் வழக்கமாக எழுதும் பாதாமையும் அள்ளிப் போட்டுப் பார்த்தேன். 46 கிராம் காட்டியது. அதில் இன்னொரு 90. ஆக 180 கலோரி. இதையே தொழிலாகச் செய்கிற என் குறிப்பேட்டிலேயே இவ்வளவு ஓட்டை! உங்கள் துண்டே 250 முதல் 390 என்றால், இப்படி ஒரு 180 அதில் எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள்.

இது நேர்மை பற்றிய விஷயம் அல்ல. 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வில், ‘1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிடுகிறோம், எடை மட்டும் இறங்கவில்லை’ என்று முறையிட்ட பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, அவர்களின் உண்மையான கலோரிச் செலவை அளந்தார்கள். வளர்சிதை மாற்றத்தில் பழுது எதுவும் இல்லை. சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் குறிப்பில் விடுபட்டிருந்தது. உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஏமாற்ற வந்தவர்கள் அல்லர் அவர்கள். கண்ணளவு நம் எல்லோரையும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. அதிலும் ஐந்தாம் மாதத்தில் கண் தாராளமாகிவிடும். முதல் மாதம் கரண்டியின் விளிம்போடு வழித்துவிட்டு அளந்தவர், இப்போது குவித்து அள்ளுகிறார்.

எனவே இரண்டு வாரத்துக்கு மட்டும் எண்ணெய், கொட்டை வகைகள், சர்க்கரை, பால், பாலாடைக்கட்டி ஆகியவற்றைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். கீரையையும் வெள்ளரிக்காயையும் நிறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், அதில் பிடிபட எதுவும் இல்லை. சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் தட்டில் மீந்ததை வாயில் போட்டுக்கொள்வது, இவற்றையும் எழுதுங்கள். எழுத வேண்டுமே என்ற எண்ணமே பாதியை நிறுத்திவிடும்.

கைக்கடிகாரம் காட்டும் 300-ஐ மறந்துவிடுங்கள். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே கணித்தன. கலோரிக் கணக்கிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது; மோசமானது 93 சதவீதம். தசைக்காகப் பயிற்சி செய்யுங்கள், அது மிக நல்லது. அதற்கு ஈடாகப் பாலும் பழமும் என்ற கணக்கு வேண்டாம். பயிற்சிக்குப் பின் பசித்தால், பாலும் பழமும் அந்த 1,500-க்குள்ளேயே வரட்டும்.

கடிகாரத்துக்கு ஒரு நல்ல பயனும் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் நாளொன்றுக்கு எத்தனை அடி நடந்தீர்கள், இப்போது எத்தனை என்று அதில் தேடிப் பாருங்கள். உணவைக் குறைத்தவர்கள் தம்மை அறியாமலே அசைவையும் குறைத்துக்கொள்கிறார்கள். மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், நின்று பேசிய தொலைபேசி இப்போது சோபாவில், அடுத்த அறைக்கு எழுந்து போகாமல் இருந்த இடத்திலிருந்தே குரல். அடிகள் குறைந்திருந்தால் பழைய எண்ணுக்குத் திரும்புங்கள். 73 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாக 90 கலோரி அளவுக்குச் செலவாகும். தட்டில் கை வைக்காமலே கிடைக்கும் 90 இது.

இவ்வளவும் செய்து நான்கு வாரம் கழிந்த பிறகு, முதல் வாரச் சராசரியும் நான்காம் வாரச் சராசரியும் ஒன்றாகவே இருந்தால், அதுதான் உண்மையான தேக்கம். அப்போது குறைக்கலாம். எவ்வளவு? 100, மிஞ்சினால் 150 கலோரி. 1,500 என்பது 1,375 ஆகட்டும். அடுத்த இரண்டு மூன்று வாரம் அதில் நின்று பாருங்கள். குறைப்பது எண்ணெயிலும் இனிப்பிலும் இருக்கட்டும். புரதத்தில் கை வைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர் என்றால், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது, அதாவது உங்களுக்கு நாளொன்றுக்கு 88 கிராம் புரதம் வேண்டும். பசியை அடக்குவதும் தசையைக் காப்பதும் அதுதான்.

ஒரேயடியாக 1,000 ஏன் கூடாது? மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200-க்குக் கீழே போக வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. அதற்குக் கீழே வைட்டமின்களையும் தாதுக்களையும் உணவிலிருந்தே பெறுவது கடினம், தசை கரையும், எடை மிக வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் சேரவும் வாய்ப்பு கூடும். என் அனுபவத்தில் இவற்றுக்கெல்லாம் முன்பே வேறொன்று நடந்துவிடுகிறது. திங்கள், செவ்வாய், புதன் 1,000-இல் நின்றவர், வியாழன் இரவு சமையலறை விளக்கைப் போடாமலே டப்பாவைத் திறக்கிறார். அந்த இரவு மட்டும் குறிப்பேட்டில் ஏறுவதில்லை. வாரக் கணக்கைக் கூட்டினால், ஒழுங்காக 1,500 சாப்பிட்டவரைவிட அதிகமாக வருகிறது.

இனி உங்கள் தோழி. அவர் சொல்லும் ‘பட்டினி நிலை’ பாதி உண்மை. உடல் செலவைக் குறைப்பது நிஜம். ஆனால் துண்டு விழும்போதும் எடை குறையாது என்பது பொய். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி, கூடவே நிறைய நடை. அவர்களுடைய வளர்சிதை மாற்றம் வெகுவாகச் சரிந்தது. கால்களில் நீர் கோத்தது. அப்படியும் எடையில் சுமார் கால் பங்கை இழந்தார்கள். இறங்குவதன் வேகம்தான் குறைந்தது.

ஆனால் ‘அதிகம் சாப்பிடு’ என்பதில் வேறொரு நியாயம் இருக்கிறது. ஐந்து மாதம் நீண்ட காலம். களைப்பு, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு என்று இருந்தால், இரண்டு வாரம் 1,850 கலோரி அளவில் சாப்பிட்டு எடையை அப்படியே நிறுத்தி வையுங்கள். உடல் பருமன் உள்ள 51 ஆண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் குறைத்து இரண்டு வாரம் நிறுத்தி என்று போனவர்கள், தொடர்ந்து குறைத்தவர்களைவிட அதிகமாகவே இளைத்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை என்பதால், கூடுதலாக இளைக்கலாம் என்ற ஆசையில் இதைச் செய்ய வேண்டாம். மூச்சு வாங்கிக்கொள்ளச் செய்யுங்கள். முதல் வாரத்தில் ஒரு கிலோ வரை ஏறினால் பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் நீர்.

நிறுத்து எழுதியும், காத்திருந்தும், குறைத்தும் எடை அசையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாத களைப்பு, குளிர் தாங்காமை, முடி கொட்டுதல், மாதவிடாய் தவறுதல் இருந்தால் நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தைராய்டு சோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனச்சோர்வு மாத்திரைகள் எடையை ஏற்றக்கூடியவை. எதையாவது எடுத்துக்கொண்டால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. எடை இயந்திரத்தைக் கால்மிதியின் மேலிருந்து எடுத்து வெறும் தரையில், அசையாத இடத்தில் வையுங்கள். மெத்தென்ற பரப்பில் அது சரியாகக் காட்டாது. தரையில் வைத்ததும் நாளைக் காலை எண் திடீரென்று மாறினால், அந்த மாற்றம் உங்களுடையது அல்ல, இயந்திரத்தினுடையது. அதையே முதல் நாள் எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள்.