செய்தியோடு ஆய்வுகூடத்துக்கு: சூழல் பாடம் பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் உயர்தர வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், செய்திகளைக் கொண்டு சூழல் பாடம் நடத்துவது பற்றிக் கேட்கப்பட்டவற்றுக்குப் பதில் தருகிறார்.

ஆசிரியர், கொட்டாஞ்சேனை: தரம் 10 பிள்ளைகளுக்கு எந்தச் செய்தியில் தொடங்கலாம், மிஸ்?

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை எடுங்கள், சேர். 2021 மே 20இல் எங்கள் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பிடித்த கப்பல். 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் சிறுமணிகள். அந்த நாட்களில், இலேசான அமில மழை பெய்யலாம், நனைய வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையைச் சொன்ன பழைய செய்திகளைப் பிள்ளைகளே தேடி எடுக்கட்டும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.

பிறகு கேளுங்கள்: எந்த வாயு மழைநீரை அமிலமாக்கும்? நைதரசனீரொட்சைட்டு என்று யாராவது சொல்வார்கள். மாசில்லாத மழைநீரின் பிஎச் பெறுமானமே (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.6தான், வளியிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால். அப்படியென்றால் பெறுமானம் எவ்வளவுக்குக் குறைந்தால் கப்பலைக் குறை சொல்லலாம்? எங்கே, எப்போது அளக்க வேண்டும்? கையிலுள்ள செய்திகளில் அளந்த பெறுமானம் ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் செய்தி பொய் என்று பிள்ளைகள் உடனே முடிவு கட்டுவார்கள். அங்கேதான் நீங்கள் நிறுத்த வேண்டும். எச்சரிக்கை அளப்பதற்கு முன்பே வரும், வரவும் வேண்டும். எச்சரிக்கை வேறு, கண்டறிந்த முடிவு வேறு என்பது புரிந்துவிட்டால், வெள்ள அறிவித்தலையும் அவர்கள் சரியாக வாசிப்பார்கள்.

உயர்தர மாணவி, தெஹிவளை: அந்தக் கப்பலால் செத்தது என்று ஒரு கடலாமை வீடியோ வட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா என்று எப்படிப் பார்ப்பது, டீச்சர்?

வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள், தங்கச்சி. கூகிள் லென்ஸில் போட்டால் அதே படம் முன்பு எங்கே, எப்போது வந்தது என்று பெரும்பாலும் தெரியும். கடைப் பலகையின் எழுத்து, வாகன இலக்கத் தகடு, படகின் அமைப்பு எல்லாவற்றையும் பாருங்கள்.

ஆனால் படம் எங்கள் கரையில் எடுத்ததுதான் என்று உறுதியானாலும், ஆமை எதனால் செத்தது என்பதைப் படம் சொல்லாது. மீன்வலையில் சிக்கியும் ஆமைகள் சாகின்றன. மற்ற வருடங்களில் இதே மாதத்தில் எத்தனை ஒதுங்கின, பிரேத பரிசோதனையில் என்ன கண்டார்கள் என்று தேடுங்கள். பலர் முதற்படியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய கவலை, ஏனென்றால் விஞ்ஞானம் தொடங்குவதே இரண்டாவது படியில்தான்.

தகப்பன், வெள்ளவத்தை: மகன் இரண்டு செயலிகளில் கொழும்பின் காற்றுத்தரம் பார்க்கிறான். ஒன்றில் 100, மற்றதில் 35. எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம், அண்ணா. அமெரிக்கக் காற்றுத்தரச் சுட்டெண்ணில் 100 என்பது, பிஎம்2.5 நுண்துகள் ஒரு கனமீற்றர் வளியில் ஏறத்தாழ 35 மைக்ரோகிராம் இருப்பதைத்தான் குறிக்கும். அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வழிகாட்டி அளவு 15 மைக்ரோகிராம். அதோடு ஒப்பிட்டு அவனே ஒரு வரைபு கீறட்டும்.

ஆசிரியை, பம்பலப்பிட்டி: பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லையே?

தனிப் பாடமாக வைக்காதீர்கள். அமிலம், காரம் நடத்தும் பாடவேளையிலேயே அந்தக் கப்பல் செய்தியை வைத்துவிடலாம்.

ஆசிரியர், கொலன்னாவ: மீதொட்டமுல்ல குப்பைமேட்டுச் சரிவு பற்றிப் பேசலாமா? அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்.

பேசுங்கள், மெதுவாக. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். மீட்புப் படங்களைத் திரையில் போடாதீர்கள். யாருடைய வீட்டையும் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். செய்திகளில் யார் யார் பேசுகிறார்கள் என்று எண்ணவையுங்கள்: அமைச்சர், பொறியியலாளர், அங்கே குடியிருந்தவர். குடியிருந்தவர்கள் சரிவுக்கு முன்பே முறைப்பாடு செய்திருந்தார்கள். அது எத்தனை செய்திகளில் வருகிறது? அதன் பிறகு மழைநீர் ஊறினால் மேட்டின் நிறை எப்படிக் கூடுகிறது, உக்கும் குப்பையிலிருந்து மெதேன் எப்படி வருகிறது என்று பாடத்துக்குப் போகலாம்.