மலேசியாவில் மறியலில் கலந்துகொண்டதற்காக, "உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்று காரணம் கோரும் கடிதம் பல்கலைக்கழகத்திடமிருந்து வந்தால் மாணவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கின் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 1971ஆம் ஆண்டின் ஆக்கு (பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள்) சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்கு விதிகளும் பொருந்தும். தனியார் கல்லூரிகளுக்குப் பொருந்துவது வேறு, 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம்.

கடிதத்தில் விதி எண், தேதி, இடம், நீங்கள் செய்ததாகச் சொல்லப்படும் செயல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். "பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுத்தீர்கள்" என்று மட்டும் இருந்தால் பதில் எழுதிவிடாதீர்கள். விவரமும், புகைப்படம், காணொளி, பாதுகாவலர் அறிக்கை ஆகியவற்றின் நகலும், கூடுதல் அவகாசமும் கேட்டு, கெடு முடியுமுன் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சான்று இருக்காது.

பலர் சறுக்குவது மன்னிப்புக் கடிதத்தில்தான். "எழுதிக் கொடு, விஷயம் முடிந்துவிடும்" என்பார்கள். பிறகு அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் உட்காரும். குற்றத்தை மறுக்கும் பதிலையும் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் மனுவையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். வராதவர் இல்லாமலே முடிவெடுக்க முடியும். புகார் கொடுத்தவரே குழுவில் அமர்ந்திருந்தால் அங்கேயே ஆட்சேபித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இது பின்னால் மிகவும் உதவும்.

உள் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு (பல்கலைக்கழகத்தின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பார்ப்பது) கேட்க மூன்று மாதம்தான், அதனால் மேல்முறையீடு செய்யும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள். நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றதும் உண்டு: 2011 அக்டோபரில் யுகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) மாணவர் நால்வர் வழக்கில், மாணவர்கள் அரசியல் கட்சிகளுக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதைத் தடுத்த ஆக்கு சட்டத்தின் 15(5)(அ) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.